உறுமுகிற மின்விசிறியும் உள்ளே இருக்கும் குட்டி டப்பாவும்!

மும்பையில் நாலைந்து பேர் சேர்ந்து தங்கும் அறைகளில், கோடையில் மின்விசிறி நின்றுவிட்டால் அன்றைய தூக்கம் போயிற்று. சுவிட்சைப் போட்டால் விசிறி உறுமுகிறது, இறக்கை அசைவதில்லை. குச்சியால் தள்ளிவிட்டால் சுற்றுகிறது. எந்தப் பக்கம் தள்ளினாலும் அந்தப் பக்கமே சுற்றுகிறது!

உடனே புது விசிறி வாங்க ஓட வேண்டாம். இப்படி உறுமினால், பெரும்பாலும் பழுது மேல் கிண்ணத்துக்குள் இருக்கும் ஒரு சிறிய டப்பாவில்தான். கடைகளில் அதைக் 'கண்டென்சர்' என்பார்கள். பாடப் புத்தகத்தில் அதன் பெயர் மின்தேக்கி.

உள்ளே என்ன?

இரண்டு உலோகத் தகடுகள். நடுவே மின்சாரம் பாயாத ஒரு பொருள். கண்டென்சர் என்பது இவ்வளவுதான். 1746-ல் ஹாலந்து நாட்டின் லெய்டன் நகரில் முஷன்புரோக் என்ற பேராசிரியர், தண்ணீர் நிரப்பிய கண்ணாடி ஜாடியில் மின்சாரத்தைத் தேக்கிப் பார்த்தார். அது கொடுத்த அதிர்ச்சியில் அவர் உடலே குலுங்கிப் போயிற்று.

இன்று கண்ணாடிக்குப் பதில் மெல்லிய பிளாஸ்டிக் தாள். அதன்மேல் உலோகப் பூச்சு. இப்படிப்பட்ட இரண்டு தாள்களைச் சேர்த்து, பாயைச் சுருட்டுவது போல் இறுக்கமாகச் சுருட்டி, ஒயர் வைத்து டப்பாவில் அடைக்கிறார்கள்.

என்ன வேலை?

விசிறி மோட்டாரில் இரண்டு கம்பிச் சுருள்கள் உண்டு. ஒன்றுக்கு மின்சாரம் நேராகப் போகிறது. மற்றதற்குக் கண்டென்சர் வழியாகப் போகிறது. கண்டென்சர் வழியே போகும் மின்னோட்டம் சற்று முந்திக்கொள்ளும். இரண்டு சுருள்களும் ஒரே நேரத்தில் இழுக்காமல் ஒன்றன்பின் ஒன்றாக இழுப்பதால்தான் விசிறி தானாகக் கிளம்பி, ஒரே திசையில் சுற்றுகிறது.

நாளாக ஆகத் தாளில் நுண்ணிய ஓட்டைகள் விழும். ஓட்டையைச் சுற்றி உலோகப் பூச்சு ஆவியாகி, பழுது பரவாமல் தடுக்கும். ஆனால் பூச்சு குறையக் குறையச் சக்தியும் குறையும். விசிறி வேகம் இழக்கும்.

புதிது வாங்கும்போது பழைய டப்பாவையும் கொண்டு போங்கள். 2.5 மைக்ரோஃபாரட், 440 வோல்ட் என்பது போல் அதில் அச்சிட்டிருக்கும். அதே அளவு வேண்டும். (பி.எல்.டி.சி. வகைப் புது விசிறிகளுக்கு இந்த வைத்தியம் பொருந்தாது.)

எச்சரிக்கை!

நல்ல விசிறியில், சுவிட்சை அணைத்ததும் தேங்கிய மின்சாரம் சுருள்கள் வழியே வடிந்துவிடும். பழுதான விசிறியில் ஒயர் அறுந்திருந்தால் வடிய வழி இல்லை. 300 வோல்ட்டுக்கு மேலும் தேங்கி நிற்கலாம். மெயினை அணைத்த பிறகும் அது 'ஷாக்' அடிக்கும். ஸ்டூல் மேல் நிற்பவர் கீழே விழுவார்.

ஆகவே, மெயினை அணையுங்கள். பிறகு, குண்டு பல்பின் இரண்டு ஒயர்களைக் கண்டென்சர் முனைகளில் வைத்து மின்சாரத்தை வடித்துவிட்டே கை வைக்க வேண்டும். பழக்கம் இல்லாதவர்கள் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுவதே நல்லது. அவருக்குக் கூலி கொடுத்தாலும், புது விசிறியின் விலையை நினைத்தால் அது லாபம்தான்!