ரொக்கேயா சகாவத் உசேன்

ரொக்கேயா சகாவத் உசேன் (1880 – டிசம்பர் 9, 1932) வங்காள எழுத்தாளரும் கல்வியாளரும் பெண்ணுரிமைச் செயற்பாட்டாளரும் ஆவார். பேகம் ரொக்கேயா என்று பரவலாக அறியப்படுகிறார். முசுலிம் சிறுமிகளுக்காக இவர் நிறுவிய பள்ளி கொல்கத்தாவில் இன்றும் இயங்கி வருகிறது.

வாழ்க்கைச் சுருக்கம்

இன்றைய வங்காளதேசத்தின் இரங்பூர் மாவட்டத்திலுள்ள பைராபந்து என்னும் ஊரில், நிலக்கிழார் குடும்பத்தில் பிறந்தார். அக்குடும்பத்தில் பெண்கள் வங்காளமும் ஆங்கிலமும் கற்பது விரும்பப்படவில்லை. அண்ணன் இப்ராகிம் சாபர் இரவில் பிறர் அறியாமல் இவருக்கு ஆங்கிலம் கற்பித்தார். வங்காளம் கற்பதற்கு அக்கா கரிமுன்னிசா துணைநின்றார். பின்னர் பாகல்பூரில் அரசு அலுவலராக இருந்த சகாவத் உசேனை மணந்தார். கணவர் இவரை எழுதுமாறு ஊக்குவித்ததுடன், பெண்கள் பள்ளிக்கெனப் பணமும் ஒதுக்கி வைத்தார். அவர் 1909 இல் இறந்தார்.

பள்ளி

கணவர் இறந்த அதே ஆண்டில், அவர் பெயரில் பாகல்பூரில் 5 மாணவியருடன் பள்ளியொன்றைத் தொடங்கினார். குடும்பச் சொத்துத் தகராறு காரணமாக அவ்வூரை விட்டு வெளியேற நேர்ந்தது. 1911 இல் கொல்கத்தாவில் 8 மாணவியருடன் சகாவத் நினைவுப் பள்ளியை மீண்டும் தொடங்கினார். வீடு வீடாகச் சென்று, பெண்பிள்ளைகளைப் படிக்க அனுப்புமாறு பெற்றோரிடம் வேண்டினார்.

பெண்களை வீட்டுக்குள் அடைத்து வைக்கும் வழக்கத்தை எதிர்த்த இவர், மாணவியரை இழக்காதிருக்க அவ்வழக்கத்துக்கு ஓரளவு இணங்கவும் வேண்டியிருந்தது. முற்றிலும் மூடப்பட்ட பள்ளிப் பேருந்தில் வெப்பமும் இருளும் தாங்காமல் சிறுமிகள் மயங்கி விழுந்தனர். சன்னல்களைத் திறந்து திரைச்சீலை தொங்கவிட்டபோது, காற்றில் திரை விலகுவதாகக் கண்டனக் கடிதங்கள் வந்தன. இந்நிகழ்வை இவரே பதிவு செய்துள்ளார். தாமும் பர்தா அணிந்தே பணியாற்றினார். உடலை மறைக்கும் ஆடை வேறு, பெண்ணைச் சிறைப்படுத்தும் வழக்கம் வேறு என்பது இவரது நிலைப்பாடு ஆகும்.

1916 இல் முசுலிம் பெண்களுக்கான அமைப்பொன்றைக் கொல்கத்தாவில் தொடங்கினார். ஏழைப் பெண்களுக்கும் கைம்பெண்களுக்கும் அது உதவியது.

எழுத்துகள்

இவர் ஆங்கிலத்தில் எழுதிய சுல்தானாவின் கனவு என்னும் கதை, 1905 இல் சென்னையிலிருந்து வெளிவந்த இந்தியன் லேடீசு மேகசின் இதழில் வெளியானது. கதையில் வரும் பெண்ணாட்டில் ஆண்கள் வீட்டுக்குள் இருக்கின்றனர். பெண்கள் ஆட்சி செய்கின்றனர். அங்குள்ள பெண்கள் பல்கலைக்கழகங்கள் வெயிலின் வெப்பத்தைச் சேமிக்கவும் வானிலிருந்து நீரைப் பெறவும் வழி கண்டுபிடிக்கின்றன. அறிவியல் புனைகதையின் தொடக்ககால ஆக்கங்களுள் ஒன்றாக இது கருதப்படுகிறது.

மோதிசூர் (கட்டுரைகள்), பத்மராக் (புதினம், 1924), அபரோத்வாசினி (1931) ஆகியன பிற நூல்கள். இவற்றுள் அபரோத்வாசினி, அடைப்பு வழக்கத்தால் பெண்கள் பட்ட துன்பங்களை 47 குறுநிகழ்வுகளாகக் கூறுகிறது.

மறைவும் நினைவும்

1932, டிசம்பர் 9 அன்று கொல்கத்தாவில் காலமானார். பெண்களின் உரிமை பற்றிய கட்டுரையொன்றை அப்போது எழுதி முடிக்காமல் விட்டிருந்தார். வங்காளதேசத்தில் அந்நாள் ரொக்கேயா நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. இரங்பூரில் 2008 இல் நிறுவப்பட்ட பல்கலைக்கழகத்துக்கு 2009 இல் இவரது பெயர் சூட்டப்பட்டது.