உடம்பு மறக்காத கதை



நாட்டியம் என்றதும் நம் தோட்டத்து மக்களுக்கு மூன்று காட்சிகள் நினைவுக்கு வரும். மாரியம்மன் திருவிழாவில் வரும் கரகமும் காவடியும் ஒன்று. பள்ளி ஆண்டுவிழாவில் சினிமாப் பாட்டுக்குப் பிள்ளைகள் ஆடுவது இன்னொன்று. பட்டணத்து மண்டபத்தில் வசதியுள்ள வீட்டுப் பெண்கள் செய்யும் அரங்கேற்றம் மூன்றாவது. இவற்றில் பெரும்பாலும் ஆட்டமும் பாட்டும் முன்னமே வகுக்கப்பட்டவை. ஆடுகிறவர் அதைக் கற்று ஆடுகிறார். நாம் பார்த்து மகிழ்கிறோம்.

இதுவரை எவரும் ஆடாத ஆட்டத்தைப் புதிதாக உண்டாக்குகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களை நடன அமைப்பாளர்கள் என்கிறோம். கவிஞனுக்குச் சொல் எப்படியோ, அவர்களுக்கு மனித உடம்பு அப்படி. அவர்கள் எங்கிருந்து தொடங்குகிறார்கள்? முதல் அசைவு எப்படிப் பிறக்கிறது? "நமக்கு எதற்கு இந்த ஆராய்ச்சி?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இக்காலத்தில் பெயர் பெற்ற மூவர் வேலை செய்த விதத்தைச் சொல்கிறேன். கேட்டுக்கொண்டே வந்தால், கதை நம் லயத்து வாசலுக்கே வந்து சேர்வதைக் காண்பீர்கள்.

யமுனையும் வறண்ட பூமியும்

முதலாமவர் சந்திரலேகா. 1928ஆம் ஆண்டில் மராட்டியப் பகுதியில் பிறந்தவர். பரதம் கற்பதற்காகச் சென்னைக்கு வந்து, காஞ்சிபுரம் எல்லப்பா பிள்ளையிடம் பயின்றார். 1952இல் அவருடைய அரங்கேற்றம் நடந்தது. இராயலசீமா வட்டாரத்தில் அப்போது கடும் வறட்சி. அதற்கான நிவாரண நிதிக்காகவே அந்த நிகழ்ச்சி.

மேடையில் அவர் ஆடிக்கொண்டிருந்தது யமுனை ஆற்றின் காட்சி. நீர் பெருகுகிறது, பெண்கள் நீராடி விளையாடுகிறார்கள் என்று அபிநயம் பிடிக்கிறார். அந்த நேரத்தில் செய்தித்தாளில் கண்ட படங்கள் அவர் மனத்தில் வந்து நின்றன. வெடித்த நிலம், கையில் தகரக் குவளையோடு தண்ணீருக்கு நீண்ட வரிசையில் நிற்கும் மக்கள். நிதி திரட்டுவது வறண்ட பூமிக்கு. ஆடுவதோ பெருகும் ஆற்றை! அவர் ஒரு கணம் திகைத்து நின்றுவிட்டார். அந்தக் கணத்தைப் பற்றிப் பிற்காலத்தில் பலமுறை பேசியிருக்கிறார்.

கலைக்கும் வாழ்வுக்கும் நடுவில் இவ்வளவு தூரம் ஏன் என்ற கேள்வி அவரை விடவில்லை. பல ஆண்டுகள் மேடையைவிட்டு விலகியே இருந்தார். 1985இல் 'அங்கிகா' என்னும் படைப்போடு திரும்பி வந்தார். பரதம், கேரளத்துக் களரிப்பயட்டு, யோகாசனம் ஆகிய மூன்றையும் அதில் இணைத்தார். புராணக் கதையையும் பளபளக்கும் நகைகளையும் ஒதுக்கிவிட்டார். மனித உடம்பு எப்படி உட்காருகிறது, எப்படி எழுகிறது, முதுகெலும்பு எப்படி நிமிர்கிறது என்பதையே ஆட்டமாக்கினார். இது பரதமா என்று முகம் சுளித்தவர்களும் உண்டு. அவர் கவலைப்படவில்லை. 2001இல் 'சரீரா' என்னும் படைப்பைத் தந்தார். 2006ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னையில் காலமானார்.

நாம் இதிலிருந்து கற்பது என்ன? புதிய நாட்டியம் ஒரு கேள்வியில் பிறக்கிறது. நான் ஆடுவதற்கும் என் கண்முன் நடப்பதற்கும் என்ன தொடர்பு என்பதே அந்தக் கேள்வி.

தலையில் வரைந்த தந்தை முகம்

இரண்டாமவர் அக்ரம் கான். 1974இல் இலண்டனில் வங்காளதேசக் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவயது முதல் வட இந்தியக் கதக் நாட்டியம் கற்றவர். 2011இல் அவர் 'தேஷ்' என்று ஒரு படைப்பை அமைத்தார். தேஷ் என்றால் தாயகம். தாம் பிறவாத அந்தத் தாயகத்தைப் பற்றி ஆடுவதற்கு முன், எழுத்தாளர், இசையமைப்பாளர், மேடை ஓவியர் முதலிய குழுவினரோடு வங்காளதேசத்துக்கே போய்ப் பார்த்தார், கேட்டார், பிறகுதான் அசைவுகளைத் தேடினார்.

அந்த நாட்டியத்தில் ஒரு காட்சி. அவர் தலையை மழித்தவர். உச்சந்தலையில் கண்ணும் வாயும் வரைந்துகொள்கிறார். தலையைக் குனிந்தால் அந்த முகம் நம்மைப் பார்க்கிறது. அதுவே அவர் தந்தை, கிராமத்துச் சமையல்காரர்! மகன் தலை குனிய, தந்தை நடமாடுகிறார். பிள்ளைகளாகிய நாம் வளர்ந்த பிறகும், நம் தலைக்குள் பெற்றோர் முகம்தானே இருக்கிறது? இதைச் சொல்ல அவருக்குத் தேவைப்பட்டது கொஞ்சம் மையும் குனிந்த தலையும் மட்டுமே.

2018இல் அவர் 'செனோஸ்' என்னும் படைப்பை ஆடினார். கிரேக்க மொழியில் அச்சொல்லுக்கு அந்நியன் என்று பொருள். முதல் உலகப் போரில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள் கடல் கடந்து அனுப்பப்பட்டார்கள். அவர்களில் பெயர் தெரியாத ஒருவன் கதை இது. அவன் ஒரு நாட்டியக்காரன். காலில் கட்டிய சலங்கையே பிறகு அவனைப் பூட்டும் சங்கிலிபோல ஆகிவிடுகிறது. சரித்திரப் புத்தகத்தில் ஓர் எண்ணிக்கையாக இருந்தவன், மேடையில் மூச்சு வாங்கும் மனிதனாக வந்து நிற்கிறான்.

சடுகுடுவும் ஒரு துணியும்

மூன்றாமவர் நமக்கு மிக நெருங்கியவர். ஷோபனா ஜெயசிங் சென்னையில் பிறந்து, இலங்கையிலும் மலேசியாவிலும் வளர்ந்தவர். பிறகு இங்கிலாந்து சென்று, முதலில் தனியாகப் பரதம் ஆடினார். 1980களின் இறுதியில் சொந்த நாட்டியக் குழுவைத் தொடங்கினார்.

1995இல் அவர் அமைத்த ஒரு நாட்டியத்துக்குக் கரு எது தெரியுமா? நம் பிள்ளைகள் திடலில் ஆடும் சடுகுடு! கோட்டைத் தாண்டிப் பாய்வதும், தொட்டுவிட்டு ஓடுவதும், பலர் சூழ்ந்து ஒருவனைப் பிடிப்பதும் பரத அடவுகளோடு சேர்ந்தன. மண்ணில் புரளும் விளையாட்டு இலண்டன் மேடைக்குப் போனது.

2015இல் அவர் அமைத்த இன்னொரு படைப்பை நாம் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். இரண்டு ஆடவர் மட்டும் ஆடும் நாட்டியம் அது. ஒருவர் சூரஜ் சுப்பிரமணியம். நம் மலேசியாவில் பரதமும் ஒடிசியும் பயின்றவர். மற்றவர் சைலேஷ் பஹோரன். இவர் ஹாலந்து நாட்டவர். தெருவில் பிறந்த ஹிப்ஹாப் ஆட்டத்தில் வல்லவர். முன்னோர் இந்தியாவிலிருந்து தென் அமெரிக்காவின் சுரினாம் நாட்டுக்குப் போனவர்கள்.

சுரினாம் எங்கே, நாம் எங்கே என்று கேட்பீர்கள். அடிமை முறை ஒழிந்த பிறகு, கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1834 முதல் இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக மொரிசியஸ், கயானா, டிரினிடாட், நேட்டால், பிஜி என்று பல நாடுகளுக்கு ஏற்றப்பட்டார்கள். மொத்தம் பத்து லட்சத்துக்கும் அதிகமானவர்கள். சுரினாமுக்கு முதல் கப்பல் 1873ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஏறத்தாழ 400 பேரோடு போய்ச் சேர்ந்தது. லல்லா ரூக் என்பது அதன் பெயர். மலாயாவுக்கும் ஒப்பந்தத்தில் வந்தவர்கள் உண்டு. இங்கே அம்முறை 1910இல் நின்றது. கங்காணி ஆள் கூட்டி வரும் முறை 1938 வரை நீடித்தது. நம் பாட்டன், பூட்டிமார் வந்த வழி அதுதானே!

நாட்டியத் தொடக்கத்தில் அந்த இருவரையும் ஒரே நீண்ட துணி பிணைத்திருக்கிறது. இழுக்கிறார்கள், விலகுகிறார்கள், மீண்டும் நெருங்குகிறார்கள். அந்தத் துணி அம்மாவின் சேலையா? கப்பல் கயிறா? பிள்ளையின் தொட்டிலா? பார்ப்பவர் மனத்துக்கு விட்டுவிடுகிறார் ஷோபனா. ஒருவர் பரதத்தில் நிமிர்ந்து நிற்கிறார்; மற்றவர் தரையில் சுழல்கிறார். வெவ்வேறு கண்டங்களில் வளர்ந்த இரண்டு உடம்புகள் ஒரே பழைய துயரத்தை நினைவு கூர்கின்றன. 2017இல் அந்தக் கூலி வரலாற்றை இன்னும் அதிகமாகச் சேர்த்து அவர் இதை விரிவாக்கினார்.

வேலை நடக்கும் விதம்

மூவரின் வழியும் வெவ்வேறு. ஆனாலும் பொதுவாகச் சில படிகளைக் காணலாம். முதலில் ஒரு கேள்வி. அடுத்து தேடல்: பழைய படம், புத்தகம், வயதானவர்களின் பேச்சு. பிறகு ஒத்திகை அறை. அங்கே அமைப்பாளர் எல்லாவற்றையும் தானே ஆடிக் காட்டுவதில்லை. "ஒரு பாரத்தைத் தூக்கியபடி திரும்பிப் பார், ஆனால் பாரம் இல்லை" என்பது போல ஒரு வேலையைக் கொடுப்பார். ஆடுபவர் தம் உடம்பால் பதில் தேடுவார். பத்து அசைவு பிறந்தால் ஒன்பதைக் கழித்து ஒன்றை வைத்துக்கொள்வார்கள். அந்த ஒன்றோடு இசை, வெளிச்சம், உடை எல்லாம் சேரும். அரிசி புடைப்பது போன்ற பொறுமையான வேலை இது.

ஆண் பிள்ளை ஆடலாமா?

சூரஜ் பயின்ற இடங்களில் ஒன்று கோலாலம்பூரில் உள்ள சூத்ரா நாட்டியக் குழு. 1983இல் அதை நிறுவியவர் ரம்லி இப்ராஹிம் என்னும் மலாய்க்காரர். ஒடிசி நாட்டியத்தில் அவருக்குள்ள தேர்ச்சிக்காக இந்திய அரசு 2018இல் பத்மஸ்ரீ விருது வழங்கியது. ஆனால் நம் லயத்தில் ஒரு பையன் சலங்கை கட்ட ஆசைப்பட்டால் என்ன சொல்கிறோம்? கேலி செய்து மூலையில் உட்கார வைக்கிறோம். அந்தக் கேலியில் எத்தனை பிள்ளைகளின் திறமை கருகிப்போயிற்றோ!

"நாட்டியம் சோறு போடுமா?" என்று தகப்பன்மார் கேட்பது நியாயமே. மிகச் சிலருக்கே அது தொழிலாக அமையும். ஆகவே படிப்பை விட்டுவிட்டு ஆடட்டும் என்று நான் சொல்ல வரவில்லை. படிக்கும் பிள்ளை ஆடவும் செய்யட்டும். தடுக்காதீர்கள் என்றே கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் வீட்டில் கேளுங்கள்

தாய்மார்களே, தந்தையரே! பால்மரங்கள் பெரும்பாலும் போய்விட்டன. அங்கே செம்பனை வந்தது. பல இடங்களில் அதுவும் போய், வீடமைப்புத் திட்டங்கள் எழுந்துவிட்டன. லயங்கள் இடிபட்டன, குடும்பங்கள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குச் சிதறின. இருட்டோடு எழுந்து பெரட்டுக்குப் போனவர்கள் இன்று முதியவர்கள். மரத்துக்கு மரம் ஓடிய அந்தக் கால்கள் இப்போது வாசலில் ஓய்ந்திருக்கின்றன. அவர்கள் போய்விட்டால் அந்தக் கதையைச் சொல்ல ஆளில்லை.

ஆகவே பாட்டியிடம் உங்கள் பிள்ளையை அனுப்புங்கள். உளியை எப்படிப் பிடிப்பீர்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். பட்டையை இழுத்துக்கொண்டே பின்காலால் மரத்தைச் சுற்றி நகர்வதை ஒருமுறை காட்டச் சொல்லுங்கள். மங்கைக் கவிழ்த்துப் பாலை வழிப்பது, வாளியைச் சுமந்து மேடேறுவது, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்ப்பது, எல்லாவற்றையும் கேட்கட்டும். வாய் மறந்ததைக் கை மறந்திருக்காது. உளியென்று ஒரு குச்சியைக் கொடுத்துப் பாருங்கள். பாட்டியின் மணிக்கட்டு தானாகவே திரும்பும்.

ஆசிரியர்களுக்கும் பெற்றோர் சங்கத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். வருகிற ஆண்டுவிழாவில் சினிமாப் பாட்டுகளுக்கு நடுவே பத்து நிமிடம் ஒதுக்குங்கள். பிள்ளைகள் தாங்களே சேகரித்த அசைவுகளை ஒரு பறை அல்லது உறுமி ஒலிக்கு ஆடட்டும். பெரிய மேடையும் விலை உயர்ந்த உடையும் வேண்டியதில்லை. முன்வரிசையில் அந்தப் பாட்டிமார்களை உட்கார வையுங்கள்.

நம் கதையை இலண்டனில் ஒருவர் தேடி எடுத்து ஆட வைத்தார். அதே கதை நம் வீட்டுத் திண்ணையில் உயிரோடு உட்கார்ந்திருக்கும்போது, நாம் கேட்காமல் இருக்கலாமா? இன்று மாலையே கேளுங்கள்.