தண்ணீர் ஆகாத தோல்

மழை விட்டு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஷேர் ஆட்டோ பள்ளத்தில் சக்கரத்தை இறக்கிவிட்டுப் போனது. புடவை போனால் போகிறது, துவைத்துக்கொள்ளலாம். தோளில் தொங்கிய பழுப்பு நிற ஸ்வேட் பையில் ஐந்தாறு சேற்றுப் பொட்டுகள்.

வீட்டுக்குள் நுழைந்ததுமே அம்மா கை நீட்டினாள். "குடு, ரெண்டு நிமிஷத்துல சோப்பு போட்டு அலசிடறேன்." போன வருஷம் இப்படித்தான் என் பர்ஸை அலசி மொட்டை மாடிக் கொடியில் போட்டாள். சாயங்காலம் எடுத்தபோது அப்பளம் மாதிரி விறைத்திருந்தது. தோலுக்குள் ஊட்டியிருக்கும் எண்ணெய்ப் பசையை சோப்புத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போய்விட்டால், காயும்போது நார்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிறகு எதுவும் செய்வதற்கில்லை.

ஸ்வேட் என்பது தோலின் உள்பக்கம். சதையை ஒட்டியிருந்த பக்கத்தைத் தேய்த்துத் தேய்த்துப் பூனைமுடி போல எழுப்பிவிடுகிறார்கள். வழவழப்பான மேல்தோலின் காப்பு அதற்குக் கிடையாது. தூசி, எண்ணெய், காப்பி எல்லாவற்றையும் குடிக்கும்.

தோலுக்குத் தண்ணீர் ஆகாது என்று சொல்வதில் ஒரு வேடிக்கை. இரண்டு ஸ்டேஷன் தள்ளியிருக்கும் குரோம்பேட்டைக்குப் பெயர் தந்ததே குரோம் லெதர் கம்பெனிதான். குரோமிய உப்பில் ஊறி வெளிர்நீலமாக வெளிவரும் தோல். அந்தப் பதனிடும் முறையை 1900-களின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் சென்னையில் சோதித்துப் பார்த்தது, கிணற்றில் கவலை இறைக்கும் தோல் சால்களுக்காக. தண்ணீரிலேயே கிடந்தாலும் சீக்கிரம் அழுகாது என்பதுதான் அதன் பெருமை!

பைக்கு வருவோம். சேறு ஈரமாக இருக்கும்போது தொடவே கூடாது. துடைத்தால் உள்ளே இறங்கும். ராத்திரி முழுக்க ஃபேன் காற்றில் விட்டேன். காலையில் பழைய டூத் பிரஷ்ஷால் ஒரே திசையில் தட்டித் தட்டித் தேய்க்க, மண் பொடியாக உதிர்ந்தது. மிச்சமிருந்த நிழல் போன்ற கறைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளையின் வெள்ளை ரப்பர் போதும். கலர் ரப்பர் வேண்டாம், அதன் சாயமே ஒட்டும்.

நம் ஊரில் ஸ்வேட்டுக்கு உண்மையான எதிரி தேங்காய் எண்ணெய். பின்னல் உரசும் வார் கறுத்து மினுமினுக்கும். அதன்மேல் சோள மாவையோ வாசனையில்லாத பவுடரையோ தாராளமாகக் கொட்டி ஒரு ராத்திரி விட வேண்டும். எண்ணெயைக் குடித்து மாவு கட்டிதட்டியிருக்கும். தட்டிவிட்டு மறுபடி கொட்டலாம். எனக்கு மூன்று தடவை பிடித்தது. படுத்துப்போன முடியை எழுப்ப, இட்லிப் பானை ஆவியை ஒரு முழம் தள்ளி லேசாகக் காட்டி பிரஷ் போட்டேன். பிடிவாதக் கறைக்கு வெள்ளை வினிகரைத் துணியில் ஒற்றி எடுக்கலாம். முதலில் உள்மடிப்பில் சோதித்துவிட்டு.

ஐப்பசி, கார்த்திகையில் பிளாஸ்டிக் கவரில் கட்டி பீரோவில் வைத்தால் பூஞ்சை நிச்சயம். உள்ளே செய்தித்தாளைத் திணித்துப் பழைய தலையணை உறையில் போட்டு வைக்கிறேன்.

போகாதது ஒன்றே ஒன்று: டிபன் பாக்ஸ் கசிந்த சாம்பார். மஞ்சள் கறை வெயிலில் வெளுக்கும், ஆனால் பையின் நிறமும் கூடவே வெளுக்கும். அந்தப் பக்கத்தை இடுப்போடு அணைத்தபடி மாட்டிக்கொள்கிறேன்.