பெயரில் போன சாதி, சான்றிதழில் நிற்கும் சுவர்

குமரி மாவட்டத்தில் தேவசகாயம் என்ற பெயர் கடலோரத்திலும் உண்டு, மலையோரத்திலும் உண்டு. மீனவர், நாடார், தலித் என எல்லாத் தரப்புக் கிறிஸ்தவ வீடுகளிலும் பிள்ளைகளுக்கு இந்தப் பெயரை வைக்கிறார்கள்.

இந்தப் பெயரைப் பரப்பியவர், 1712-ல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்ட பிள்ளை. 1745-ல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றபோது, விவிலியத்தில் வரும் 'லாசர்' என்ற பெயரின் தமிழ் வடிவமாக இதை ஏற்றார். சாதி வேற்றுமை இல்லை, எல்லோரும் சமம் என்று அவர் பேசியது ஆதிக்க சாதியினருக்குக் கோபமூட்டியது. 1752-ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

சாதியை எதிர்த்தவரின் பெயரோடு 'பிள்ளை' பட்டம் மட்டும் ஒட்டிக்கொண்டே வந்தது. குமரியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரிகள் கடிதம் எழுதிக் கேட்டனர். 2020-ல் வாடிகன் அதை நீக்கியது. 2022 மே 15 அன்று வெறும் தேவசகாயமாகவே புனிதரானார்.

பட்டம் போனது. பாகுபாடு போனதா? அவர் திருமுழுக்குப் பெற்ற வடக்கன்குளத்தில், ஆலயத்துக்குள் சாதிகளைப் பிரித்த சுவர் 1910-ல்தான் இடிக்கப்பட்டது.

இன்னொரு சுவர் சான்றிதழில் இருக்கிறது. 1950-ம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி, கிறிஸ்தவரான தலித்துக்குப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கிடையாது. அந்த ஆணை சீக்கியருக்காக 1956-லும், பௌத்தருக்காக 1990-லும் திருத்தப்பட்டது. கிறிஸ்தவருக்காகத் திருத்தப்படவில்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டுள்ளனர்.

அதனால் தேவசகாயம் என்ற பெயருள்ள தலித் மாணவர், ஊர் பார்வையில் தலித். சட்டத்தின் பார்வையில் பட்டியல் சாதி அல்ல.