மனுவின் பெயரில் ஒரு மனு

1927 டிசம்பர் 25ஆம் நாள் மகாடில் அண்ணல் அம்பேத்கரின் தலைமையில் மனுஸ்மிருதி தீக்கிரையாக்கப்பட்டது. எண்பது ஆண்டுகளுக்கும் மேல் கழிந்தபின், அந்நூலின் பெயரைத் தன் பெயரிலேயே தாங்கிய ஒரு கட்சி உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீட்டு மனுவுடன் நின்றது. கிராந்திகாரி மனுவாதி மோர்ச்சா என்பது அதன் பெயர். இட ஒதுக்கீட்டையோ வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையோ எதிர்த்து அது அங்கே வரவில்லை. மனமொத்த வயதுவந்தோரின் தன்பால் உறவு குற்றமாகாது என்று 2009 ஜூலை 2ஆம் நாள் தில்லி உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பைக் கவிழ்க்க வேண்டும் என்பதே அதன் வேண்டுகோள்.

அக்கட்சி தனித்து நிற்கவில்லை. வழக்கிற்குத் தன் பெயரைத் தந்த முதல் மேல்முறையீட்டாளர் சுரேஷ் குமார் கௌஷல் ஒரு சோதிடர். தில்லியின் சனாதன தர்மப் பிரதிநிதி சபை, உத்கல் கிறித்தவ மன்றம், அப்போஸ்தலத் திருச்சபைகளின் கூட்டமைப்பு, அகில இந்திய முஸ்லிம் தனிநபர் சட்ட வாரியம், ரசா அகாடமி, தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகம் என எதிர்ப்பாளர்களின் பட்டியல் நீண்டது. வழிபாட்டிலும் உணவிலும் அடக்கத்திலும்கூட ஒன்றுபடாத இவ்வமைப்புகள் இந்த ஒரு பொருளில் ஒன்றுபட்டன. மனுவாதம் அரசாளுமானால் உரிமையிழப்போரின் வரிசையில் தாமும் இருப்போம் என்பதைச் சிறுபான்மை அமைப்புகள் அறியாதவை அல்ல. அறிந்தும் ஓரணியில் நின்றன. ஏன் என்பதை விளங்கிக்கொள்வது சாதி ஒழிப்பை இலக்காகக் கொண்ட நமக்கு இன்றியமையாதது.

மனுஸ்மிருதியிலிருந்தே தொடங்குவோம். அதன் பதினோராம் அத்தியாயம் ஆணோடு ஆண் கொள்ளும் உறவை, பார்ப்பனருக்கு வலி உண்டாக்குதல், வஞ்சகம் ஆகியவற்றோடு சேர்த்து, சாதியை இழக்கச் செய்யும் குற்றங்களின் வரிசையில் வைக்கிறது. எனினும் அதே அத்தியாயத்தில் இருபிறப்பாளனான ஆணுக்கு விதிக்கப்படும் கழுவாய், உடுத்திய ஆடையோடு நீராடுதல் என்ற அளவில் முடிந்துவிடுகிறது. பெண்களிடம் வரும்போது நூலின் குரல் மாறுகிறது. ஒரு கன்னியைக் 'கெடுக்கும்' மற்றொரு கன்னிக்கு இருநூறு பணம் தண்டமும் பத்துக் கசையடியும் உண்டு. அதையே வயதுவந்த பெண் செய்தால் தலை மழிப்பு, அல்லது இரு விரல்களை வெட்டுதல், கழுதை மேல் ஊர்வலம். இவ்விதிகள் எட்டாம் அத்தியாயத்தில் எங்கே இருக்கின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். உயர் வருணக் கன்னியை நாடும் தாழ்ந்த வருண ஆண் வதைக்கப்பட வேண்டும் என்ற விதிக்கு மிக அருகில் இருக்கின்றன. இரண்டையும் அருகருகே வைத்த நூலாசிரியனுக்கு இரண்டும் ஒரே கவலைதான். திருமணச் சந்தையில் கன்னியின் 'தூய்மை' குறையக் கூடாது. அதைக் குறைப்பது தாழ்ந்த வருணத்து ஆணாயினும் சரி, மற்றொரு பெண்ணாயினும் சரி.

இக்கவலையின் ஊற்றை அம்பேத்கர் 1916 மே 9 அன்று கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் படித்த 'இந்தியாவில் சாதிகள்' என்னும் ஆய்வுரையில் இனங்காட்டினார். சாதியின் சாரம் அகமணம் என்பது அவரது முடிவு. ஒரு குழு தனக்குள்ளேயே மணம் முடிக்க வேண்டுமெனில், மணவயதில் உள்ள ஆண்களின் எண்ணிக்கையும் பெண்களின் எண்ணிக்கையும் எப்போதும் ஈடாக இருந்தாக வேண்டும். கணவன் இறந்தால் மிஞ்சும் பெண்ணும், மனைவி இறந்தால் மிஞ்சும் ஆணும் இந்தக் கணக்கைக் குலைப்பவர்கள். உடன்கட்டையும் கட்டாய விதவைக்கோலமும் சிறுமியர் மணமும் இக்கணக்கைச் சரிக்கட்டும் வழிமுறைகளாகவே தோன்றின என்று அவர் விளக்கினார். தன்பாலீர்ப்பைப் பற்றி அவ்வுரையில் அவர் பேசவில்லை. ஆனால் அவரது தருக்கத்தை ஓரடி நீட்டினால் போதும். ஒவ்வோர் உடலும் தனக்கென ஒதுக்கப்பட்ட கட்டத்தில் அமர்ந்து, குறித்த சாதியில் மணந்து, குறித்த சாதியில் பிள்ளை பெற்றாக வேண்டிய ஓர் அமைப்பில், அந்தக் கட்டத்தையே மறுத்து எழுந்துவிடும் மனிதர் யார்? சாதி மறுத்து மணப்பவர் ஒருவர். எதிர்பாலினரை மணக்கவே மறுப்பவர் மற்றொருவர்.

பிற மதங்களுக்கு மனு இல்லையே என்று கேட்கலாம். மறைநூல்கள் வேறு, இந்த மண்ணில் அம்மதங்களின் குடும்பங்கள் வேறல்ல. திருச்சி மேலப்புதூரில் கத்தோலிக்கரின் கல்லறைத் தோட்டத்தில் தலித்துகளைப் பிரிக்க ஒரு சுவர் எழுப்பப்பட்டதை நாம் அறிவோம். இறந்தவர்களைக்கூடச் சாதிவாரியாகக் கிடத்தும் சமூகம், உயிரோடிருப்பவர்களின் காதலைப் பற்றிப் பேசுகையில் மட்டும் மறைநூலை விரிப்பது வேடிக்கை.

தன்பாலீர்ப்பு மேற்கத்திய இறக்குமதி என்பது மதவாதிகள் அடிக்கடி எடுக்கும் வாதம். இறக்குமதியானது சட்டமே. இங்கிலாந்தில் திருச்சபை நீதிமன்றங்கள் விசாரித்துவந்த இக்குற்றத்தை, எட்டாம் ஹென்றியின் 1533ஆம் ஆண்டுச் சட்டம் அரசின் கைக்கு மாற்றி மரண தண்டனைக்குரியதாக்கியது. அந்த மரபின் வழியில்தான் 1860இல் இயற்றப்பட்டு 1862இல் நடைமுறைக்கு வந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு 'இயற்கைக்கு மாறான' உறவைத் தண்டித்தது. இங்கிலாந்தும் வேல்சும் 1967இல் தம் சட்டத்தை மாற்றிக்கொண்டன. அவர்கள் விட்டுச்சென்றதை நம் சனாதனிகள் பண்பாடு என்று போற்றிக் காத்தனர். அதற்காக, வெள்ளையர் வருமுன் இங்கே பொற்காலம் நிலவியது என்று கோயில் சிற்பங்களைச் சுட்டிப் பேசுவோரோடும் நமக்கு உடன்பாடில்லை. அச்சிற்பங்கள் நிற்கும் கோயில்களுக்குள் நம் முன்னோர் நுழைய முடிந்ததில்லை.

பொற்காலத்தைத் தேடுவதைவிட நம் சொந்த வரலாற்றின் ஒரு பக்கத்தைப் புரட்டுவது பயன்தரும். மகாட் போராட்டம் நடந்த அதே 1927இல் ர. தோ. கார்வே என்னும் சீர்திருத்தவாதி பம்பாயில் 'சமாஜ் ஸ்வாஸ்த்ய' என்ற மராத்தி இதழைத் தொடங்கினார். பாலியல் நலம், கருத்தடை ஆகியவற்றை வெளிப்படையாகப் பேசிய இதழ் அது. பழமைவாதிகளின் எதிர்ப்பால் கார்வே மீது ஆபாச வழக்குகள் தொடரப்பட்டன. 1934இல் அவருக்காகப் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வாதாடியவர் வழக்கறிஞர் பி. ஆர். அம்பேத்கர். பூனா ஒப்பந்தம் முடிந்து ஈராண்டும் ஆகாத, யேவ்லா அறிவிப்புக்கு முந்தைய காலம் அது. அவர் தோளில் இருந்த சுமை எவ்வளவு என்பதை விரிக்க வேண்டியதில்லை. அப்போதும் இவ்வழக்கை ஏற்றார்.

வாசகர்கள் கேட்ட அந்தரங்கக் கேள்விகளுக்குக் கார்வே அளித்த பதில்களே அவ்வழக்கின் பொருள். கேள்விகளில் தன்பால் விருப்பம் பற்றியவையும் இருந்தன. பாலியல் நலத்திற்கென நடக்கும் இதழ், பாலியல் பற்றிக் கேட்கும் வாசகனுக்கு ஏன் பதில் கூறக் கூடாது என்பது அம்பேத்கரின் வாதம். கேள்வி வக்கிரமானது என்றே கொண்டாலும், அதை அகற்ற அறிவைத் தவிர வேறு மருந்து உண்டா என்று அவர் கேட்டார். ஹேவ்லாக் எல்லிசின் ஆய்வுகளைச் சுட்டி, ஒருவருக்கு அவ்விருப்பம் இயல்பாகவே அமைந்திருக்குமானால் அதில் தவறு காண இடமில்லை என்றும் எடுத்துரைத்தார். அக்காலத்தின் சொற்களிலேயே அவர் பேசினார். இன்றைய உரிமை மொழியை அவர் வாயில் திணிக்கத் தேவையில்லை. வழக்கில் தோல்வியே கிட்டியது. கார்வேக்கு 200 ரூபாய் தண்டம் விதிக்கப்பட்டது. 'பாபாசாகேப் இதையெல்லாம் ஏற்றிருப்பாரா' என்று நம் கூட்டங்களில் கேட்கும் தோழர்கள் இவ்வழக்கை அறிந்திருக்க வேண்டும் என்பது நம் விருப்பம்.

2009ஆம் ஆண்டுத் தீர்ப்பும் அவரிடமே சென்றது. 1948 நவம்பர் 4 அன்று வரைவு அரசமைப்பை அவையில் முன்வைத்த அம்பேத்கர், அரசமைப்பு அறநெறி மனிதருக்கு இயல்பாக வாய்ப்பதன்று, பயின்று வளர்க்க வேண்டியது என்றார். ஆட்சி நிருவாக விவரங்களை அரசமைப்பிலேயே எழுதிவைப்பதற்கு நியாயம் கூறுகையில் அவர் சொன்னது அது. நீதிபதிகள் அஜித் பிரகாஷ் ஷாவும் முரளிதரும் அக்கருத்தை எடுத்து, பெரும்பான்மையினரின் அறவுணர்வு ஒருவரின் அடிப்படை உரிமையைப் பறிக்கக் காரணமாகாது என்று நிறுவினர். இக்கொள்கையின் முழுப்பயன் யாருக்கு? தீண்டாமையும் ஒரு காலத்தில் பெரும்பான்மையினரின் அறவுணர்வே. 2013 டிசம்பர் 11இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பைப் புரட்டியபோது, பாதிக்கப்படுவோர் மக்கள்தொகையில் மிகச் சிறு பகுதியினரே என்பதையும் ஒரு காரணமாகக் கூறியது. எண்ணிக்கை குறைந்தால் உரிமையும் குறையும் என்னும் அத்தருக்கம், சேரிக்கு ஊர் காலங்காலமாகக் கூறிவரும் தருக்கம். 2018 செப்டம்பர் 6இல் ஐவர் அமர்வு அத்தீர்ப்பை நீக்கியது.

குற்றப் பட்டியலிலிருந்து பெயர் நீங்கியபின் மதவாதத்தின் தொனியும் மாறியது. 2023 ஜனவரியில் ஆர்.எஸ்.எஸ். தலைவர் மோகன் பாகவத், பால்புதுமையினர் என்றும் நம் சமூகத்தில் இருந்தவர்களே என்று கூறி, ஜராசந்தனின் படைத்தலைவர்களான ஹம்சன், டிம்பகன் கதையை எடுத்துக்காட்டினார். இரண்டே மாதங்களில், தன்பாலினத் திருமணம் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தபோது, அதே அமைப்பின் பொதுச்செயலாளர் தத்தாத்ரேய ஹோசபாலே திருமணம் ஒரு சமஸ்காரம், அது ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலானது என்று அறிவித்தார். ஒன்றிய அரசு அக்கோரிக்கையை நகர்ப்புற மேட்டுக்குடியினரின் பார்வை என்றது. ஜமியத் உலமா-இ-ஹிந்தும் நீதிமன்றத்தில் எதிர்த்தது. இருந்துவிட்டுப் போங்கள், திருமணத்தை மட்டும் தொடாதீர்கள் என்பதே இந்நிலைப்பாட்டின் சாரம். அகமணத்தைப் பற்றிப் படித்தவருக்கு இது வியப்பளிக்காது. சாதி தன்னைப் பெருக்கிக்கொள்ளும் பட்டறை திருமணமே. 2023 அக்டோபர் 17இல் உச்ச நீதிமன்றம் அத்திருமணத்தை ஏற்க மறுத்தாலும், தன்பாலீர்ப்பு நகரத்துக்கோ மேட்டுக்குடிக்கோ மட்டும் உரியது என்ற வாதத்தைத் தலைமை நீதிபதி சந்திரசூட் தம் தீர்ப்புரையில் மறுத்தார்.

நீதிமன்றத்துக்கு வெளியே, வீட்டில் நடப்பது இன்னும் கொடியது; நமக்கு மிகவும் பழக்கமானதும்கூட. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து சேர்ந்து வாழ்ந்த இரு பெண்களைத் தேடிப் பெற்றோர் 'காணவில்லை' என்று புகாரளிக்க, காவல் துறை அவர்களை விசாரித்தது. இவ்வழக்கில் 2021 ஜூன் 7இல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அளித்த உத்தரவு, பாலீர்ப்பை 'மாற்றும்' சிகிச்சைகளுக்குத் தடை விதித்தது. தம் மனத்தடைகளைப் புரிந்துகொள்ள அவர் ஓர் உளவியலாளரிடம் சென்று அமர்ந்தார் என்பது நம் நீதிமன்ற வரலாற்றில் அரிய செய்தி. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த ஆட்கொணர்வு மனுவில், ஒரு பெண்ணை அவரது குடும்பம் அடைத்துவைத்து அடித்து, 'சரியாக்க'ச் சடங்குகளுக்கு உட்படுத்தியதாகக் கூறப்பட்டது. நீதிமன்றம் அவரை விடுவித்து, தாமே தேர்ந்துகொண்ட குடும்பம் என்னும் கருத்தை ஏற்றது. 'காணவில்லை' புகார், காவல் நிலையப் பஞ்சாயத்து, வீட்டுச் சிறை, பூசாரி. சாதி மறுத்து மணந்த எத்தனை இணையர்களின் கதையில் இதே வரிசையை நாம் எழுதியிருக்கிறோம்.

இனி நம் பக்கம். திருநருக்குப் புராணத்தில் இடமுண்டு, கூவாகத்தில் விழாவுண்டு, ஆகவே இந்து மதம் தாராளமானது என்று கூறுவோர் உளர். கடவுளின் பிள்ளைகள் என்று நம்மையும் ஒருவர் பெயரிட்டு அழைத்தார். அப்பெயரை நாம் ஏன் மறுத்தோம் என்பதை நினைவுகூர்ந்தால் போதும். புராணம் தரும் புனிதப் பெயர் வாடகை வீட்டையும் வேலையையும் தருவதில்லை. திருநர் வெறுப்பு பார்ப்பனியத்தின் ஒரு வடிவமே என்று 'நான், சரவணன் வித்யா' எழுதிய லிவிங் ஸ்மைல் வித்யா ஆண்டுகளுக்கு முன்னரே கூறினார். அதை நம் இயக்கங்கள் உரிய அளவில் காதில் வாங்கவில்லை. நம் மேடைகளில் எதிரியை இழிவுபடுத்த 'ஆண்மையற்றவன்' என்ற வசை இன்றும் கைதட்டல் பெறுகிறது.

பால்புதுமையினர் வட்டாரமும் சாதியற்றதன்று. 2015 மே மாதம் மும்பை நாளிதழ் ஒன்றில், தன் மகனுக்கு மணமகன் தேடி ஒரு தாய் விளம்பரம் கொடுத்தார். நாடே பாராட்டிய அவ்விளம்பரத்தில், சாதி தடையில்லை, ஆயினும் ஐயர் என்றால் விரும்பத்தக்கது என்றிருந்தது. அந்தத் தாயின் துணிவை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் 377 போனாலும் அகமணம் போகாது என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை.

இவ்விரு வீடுகளுக்கும் இடையே நிற்பவர்கள் தலித் திருநர். 2014 ஏப்ரல் 15இல் உச்ச நீதிமன்றம் திருநரைச் சமூக, கல்வி நிலையில் பின்தங்கிய வகுப்பினராகக் கருதி இட ஒதுக்கீடு அளிக்கப் பணித்தது. தமிழ்நாட்டரசு 2015இல் அவர்களை மிகப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்தது. நல்லெண்ணத்தில் பிறந்த குழப்பம் இது. பட்டியல் சாதியில் பிறந்த திருநங்கை ஒருவர் விண்ணப்பம் நிரப்புகிறார் என்று கொள்வோம். திருநர் என்ற அடையாளத்தால் மிகப் பிற்படுத்தப்பட்டோர் பிரிவுக்குச் சென்றால், தன் சாதியால் தான் பட்ட இழிவுக்கான ஒதுக்கீட்டைக் கைவிட வேண்டும். பட்டியல் சாதியில் நின்றால், திருநர் என்பதால் வீட்டையும் பள்ளியையும் இழந்தது கணக்கிலேயே வராது. கிரேஸ் பானு உள்ளிட்ட தலித் திருநர் செயற்பாட்டாளர்கள் கிடைமட்ட ஒதுக்கீடு கேட்பது இதனால்தான். மாற்றுத்திறனாளிகளுக்கு உள்ளதைப் போல, ஒவ்வொரு சாதிப் பிரிவுக்குள்ளும் திருநருக்கென ஒரு பங்கு. பாலினத்தைச் சாதியாக வகைப்படுத்திய அரசாணையை 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இக்கோரிக்கையைத் தம் மாநாட்டுத் தீர்மானங்களில் எத்தனை தலித் இயக்கங்கள் எழுதியிருக்கின்றன என்பதை, இதைப் படிக்கும் மாணவர்கள் தத்தம் அமைப்பின் கோப்புகளைத் திறந்து பார்க்கலாம்.