சளியில்லாத காய்ச்சல்

ஒன்பது மாதக் குழந்தைக்கு 102 டிகிரி காய்ச்சல். சளி இல்லை, இருமல் இல்லை, வயிற்றுப்போக்கும் இல்லை. ‘பல்லு மொளைக்குது’ என்பார் பாட்டி. ‘உடம்புச் சூடு’ என்பார்கள் பக்கத்து வீட்டில். மருந்துக் கடையில் வாங்கிய ஆன்டிபயாடிக் சிரப்பில் காய்ச்சல் இறங்கிவிடும். இரண்டு மாதம் கழித்து அதே காய்ச்சல் திரும்பும். இதற்கிடையில் குழந்தையின் சிறுநீரை யாரும் பரிசோதித்திருக்க மாட்டார்கள்.

காய்ச்சலோடு சிறுநீர்த் தொற்று வரும் குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குச் சிறுநீர் பின்னோட்டம் இருக்கிறது. டாக்டர்கள் ‘ரிஃப்ளக்ஸ்’ என்பார்கள். சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாய் சிறுநீர்ப்பைக்குள் நேராக நுழைவதில்லை. பையின் சுவருக்குள் சாய்வாகக் கொஞ்ச தூரம் போய்த்தான் திறக்கிறது. பை நிறைந்ததும் அந்தச் சுவரே குழாயை அமுக்கி மூடிவிடும். தனியாகக் கதவு கிடையாது, சாய்வுதான் கதவு. சுவருக்குள் ஓடும் அந்தத் துண்டு, குழாயின் விட்டத்தைப் போல ஐந்து மடங்கு நீளமிருந்தால் நன்றாக மூடும். சிலருக்குப் பிறவியிலேயே அது குட்டை. பை சுருங்கும்போது கொஞ்சம் வெளியே போகும், கொஞ்சம் மேலே ஏறும்.

கிருமியில்லாத சிறுநீர் லேசாக ஏறி இறங்குவதைச் சிறுநீரகம் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். கூடவே ஈ.கோலை கிருமி ஏறும்போதுதான் வில்லங்கம். அதிலும் சிறுநீரகத்தின் எல்லா இடமும் ஒன்றுபோலக் கெடுவதில்லை. சிறுநீர் சொட்டும் உள்முகடுகள் நடுப்பகுதியில் கூம்பாக இருக்கும். அழுத்தம் ஏறினால் அவற்றின் வாய் மூடிக்கொள்ளும். மேல், கீழ் முனைகளிலோ பல முகடுகள் ஒட்டித் தட்டையாகிவிடுவதால் வாய் திறந்தே கிடக்கும். ரான்ஸ்லி, ரிஸ்டன் என்ற இரு மருத்துவர்கள் 1970களில் லண்டனில் பன்றிகளை வைத்துச் செய்த ஆய்வுகளில் இது தெளிவானது. தொற்று விட்டுச்செல்லும் தழும்புகள் முனைகளில் அதிகம் விழுவது இதனால்தான்.

தழும்பு விழுந்த இடம் திரும்ப வேலை செய்யாது. ஒரு சிறுநீரகத்தில் சுமார் பத்து லட்சம் வடிகட்டிகள். பிறந்த பிறகு புதிதாக ஒன்றுகூட முளைப்பதில்லை. மிச்சமிருப்பவை கூடுதல் சுமையை இழுத்து, பல வருடம் கழித்து ரத்தக் கொதிப்பாகவோ சிறுநீரில் புரதமாகவோ கணக்குக் காட்டும். ஒரு பக்கச் சிறுநீரகம் நன்றாக இருந்தால் ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் சரியாகவே வரும், அதை நம்பி உட்கார முடியாது. தழும்பைக் காட்டுவது டி.எம்.எஸ்.ஏ. ஸ்கேன். எல்லாப் பழியையும் தொற்றின்மேல் போடுவதும் சரியல்ல. கடுமையான பின்னோட்டம் உள்ள சில ஆண் குழந்தைகளுக்குச் சிறுநீரகமே கருவில் சரியாக உருவாகியிருக்காது.

பின்னோட்டத்தில் ஐந்து நிலைகள். முதலிரண்டும் பெரும்பாலும் குழந்தை வளர வளரத் தானாகச் சரியாகும். தினமும் சிறிய அளவில் ஆன்டிபயாடிக் கொடுக்கலாமா என்பது பழைய சண்டை. அமெரிக்காவில் 607 குழந்தைகளை இரண்டு வருடம் கவனித்த ஆய்வு 2014இல் வெளியானது. மருந்து எடுத்தவர்களுக்குத் தொற்று ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. புதிய தழும்புகளிலோ வித்தியாசமில்லை. விடாமல் தொற்று வந்தாலோ நிலை கடுமையாக இருந்தாலோ அறுவை சிகிச்சை உண்டு. அதற்கெல்லாம் முன்னால் மலச்சிக்கலைப் பாருங்கள். நிறைந்த மலக்குடல் சிறுநீர்ப்பையை நெருக்கும். பள்ளிக் கழிப்பறைக்குப் பயந்து மாலைவரை அடக்கிவைக்கும் பெண் குழந்தைக்கு மாத்திரை மட்டும் கொடுத்து என்ன பயன்?

காய்ச்சல் தொடங்கி இரண்டு மூன்று நாளுக்குமேல் சிகிச்சை தள்ளிப்போனால் தழும்பு விழும் வாய்ப்பு கூடுகிறது. ஆனால் முதல் வேளை ஆன்டிபயாடிக்குக்கு முன்பே யூரின் கல்ச்சருக்கு எடுத்துவிட வேண்டும். மருந்து உள்ளே போனபின் கிருமி அகப்படாது. ஒட்டும் பையில் பிடித்தால் தோலிலுள்ள கிருமியும் சேர்ந்து குழப்பும். கழுவித் துடைத்த குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, ஆய்வகம் கொடுத்த பாட்டிலைத் திறந்து காத்திருக்க வேண்டியதுதான். அரை மணி ஆகலாம். முதல் சொட்டை விட்டு, நடுவில் வருவதைப் பிடித்து உடனே ஆய்வகத்துக்கு ஓடுங்கள். தாமதமாகும் என்றால் பாட்டில் ஃபிரிட்ஜில் இருக்கட்டும்.