கயிற்றைத் தளர்த்தப் பழகுங்கள்

பாய்வள்ளம் ஓட்டப் பழகவேண்டும் என்று மகள் கேட்டால் உங்கள் நெஞ்சு பதறும். "கவிழ்ந்துவிட்டால்?" என்பீர்கள். கவிழத்தான் செய்யும், சகோதரியே! அதனால்தான் கவிழ்ந்த வள்ளத்தை நிமிர்த்துவதை ஆரம்பத்திலேயே சொல்லிக் கொடுக்கிறார்கள்.

சிறுவர்கள் பழகும் 'ஒப்டிமிஸ்ட்' வள்ளத்தை 1947இல் அமெரிக்காவின் புளோரிடாவில் கிளார்க் மில்ஸ் என்பவர் வடிவமைத்தார். நீளம் சுமார் 2.3 மீற்றர், வெறும் வள்ளத்தின் எடை 35 கிலோ. ஒரு பாய், ஒரு சுக்கான், பாயை இழுக்க ஒரு கயிறு. அவ்வளவுதான்.

அந்தக் கயிற்றில்தான் விஷயமே இருக்கிறது. பக்கக் காற்றில் வள்ளம் சரியும்போது புதியவர்கள் பயந்துபோய்க் கயிற்றை இறுக்கிப் பிடிப்பார்கள். வள்ளம் இன்னும் சரியும். தளர்த்திவிட்டால் பாய் படபடக்கும், வள்ளம் நிமிரும், வேகமும் தணியும். பயந்த கைக்கு இது இலேசில் வராது. நாலைந்து நாள் பிடிக்கும்.

காற்றுக்கு நேரெதிரே எந்தப் பாயும் போகாது. வலமும் இடமுமாக மாறி மாறித்தான் முன்னேறலாம். பக்கம் மாறும்போது பாயின் அடிக்கம்பு குறுக்கே வீசும். தலையைக் குனிய வேண்டும்.

நீந்தத் தெரிந்தாலும் உயிர்காப்பு அங்கி அவசியம். கவிழ்ந்தால் கரைக்கு நீந்தப் பார்க்காமல் வள்ளத்தையே பிடித்துக்கொள்ள வேண்டும். நீங்களும் ஏறுவதானால், தொங்கும் முந்தானை வேண்டாம், கயிற்றில் சிக்கும்.

குளமோ களப்போ பழக நல்லது. கிழக்குக் கரையில் கச்சான் வீசும் நாளில் பிள்ளையைக் கடலில் இறக்காதீர்கள். கரையோரத் தண்ணீர் அமைதியாகத்தான் தெரியும். காற்றோ வள்ளத்தை வெளிக்கடலுக்குத் தள்ளிக்கொண்டு போகும்.